பக்கத்து சீட்டுக்காரர்

என் வீட்டுக்காரரின் வலது கால் சொன்ன பேச்சைக் கேட்காது. சோபாவில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருப்பார். சீரியலில் மருமகள் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்ல வாயைத் திறந்தால் போதும், இவருடைய பாதம் தரையை ஓர் அழுத்து அழுத்தும். பஸ்ஸில் போனாலும் டிரைவருக்கு முன்னால் இவர் பிரேக் போட்டுவிடுவார். கல்யாணமான புதிதில் ஏதோ நரம்புக் கோளாறு என்று பயந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது தொழில் கோளாறு.

அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஸ்டியரிங் கிடையாது, ஆக்சிலேட்டர் கிடையாது, பிரேக் மட்டும். "ஓட்டுற அதிகாரம் எனக்கு இல்ல, நிறுத்துற அதிகாரம் மட்டும்தான்" என்பார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அந்த சீட்டில்தான் அவருடைய வாழ்க்கை. அடுத்தவர் ஓட்ட, அடுத்தவர் திருப்ப, அடுத்தவர் பயத்துக்கெல்லாம் இவர் பிரேக்கை மிதித்துவிட்டு வீட்டுக்கு வருவார்.

முதல் நாள் வகுப்பில் அவர் வண்டியை ஸ்டார்ட் செய்யவே விடமாட்டார். ஆளை உட்கார வைத்து, சீட்டை முன்னே பின்னே நகர்த்தச் சொல்வார், கண்ணாடியைத் திருப்பச் சொல்வார், "இப்ப என்ன தெரியுது?" என்று கேட்பார். முதல் பாடம் அவ்வளவுதான். மற்ற பயிற்சியாளர்கள் கிண்டல் செய்தார்கள். முதலாளி மட்டும் டீசல் மிச்சம் என்று ஒன்றும் சொல்லவில்லை.

அவருக்கு "சரி சார்" என்கிறவர்களைக் கண்டால் ஆகாது. எதைச் சொன்னாலும் சரி சார், சரி சார் என்கிறவர்தான் சுவரில் கொண்டுபோய் முட்டுவார் என்பது அவர் அனுபவம். ஒருமுறை தையல்கார அம்மா ஒருவர் பழக வந்தார். வண்டி துள்ளித் துள்ளி அணைந்தது. "சார், இது என்னைக் கேக்காமயே போகுது" என்றார் அந்த அம்மா. வேறு ஆளாக இருந்தால் கிளச்சைப் பற்றி ஒரு பிரசங்கம் நடந்திருக்கும். இவர், "நீங்க ஒண்ணுமே செய்யாம அது நகருதுன்னு சொல்றீங்க" என்றார். "இல்ல சார். நான் செய்யறேன். செய்யறது எனக்குத் தெரியறதுக்குள்ள போயிடுது." "அப்ப, கிளச்சுலேர்ந்து கால எவ்வளவு வேகமா எடுக்கறீங்கன்னு உங்களுக்கே தெரியல." "ஆமா சார், அதைத்தான் சொன்னேன்." அதற்குப் பிறகு அந்த அம்மாவுக்குக் கிளச் வசப்பட்டுவிட்டதாம். இதை அவர் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் முகம் அப்படி மலரும்.

இந்தப் பொறுமை முழுவதும் வெளியில்தான். வீட்டில் அவருக்கு ஒரே பதில்: "பாக்கலாம்." குழாய் ஒழுகுது என்றால் பாக்கலாம். தலைவலிக்குது என்றாலும் பாக்கலாம். நான் கூரியர் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து, பார்சல் எங்கே பார்சல் எங்கே என்று ஊரார் திட்டுவதை நாள் முழுக்க வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவள். அங்கே நானும் எல்லோரிடமும் "பார்க்கிறோம் சார்" என்றுதான் சொல்வேன். அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அவரை ஒரு தத்துவக் குழுவில் கொண்டுபோய்ச் சேர்த்தது அவரிடம் கார் பழக வந்த ஒரு கல்லூரி வாத்தியார். இணையத்தில் நடக்கும் குழு. குழுவின் பெயரே "அப்படியா?" என்பதுதான். உள்ளே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, உத்தியோகம் கிடையாது, பட்டப்பெயர்தான். குழுவைத் தொடங்கியவர் பெயர் தாடி. அவருக்குத் தாடி உண்டா என்பது யாருக்கும் தெரியாது, படத்தில் இருப்பது ஒரு கள்ளிச் செடித் தொட்டி. என் வீட்டுக்காரர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் பக்கத்து சீட்.

அவர்கள் பேசுவது பெரிய பெரிய விஷயம். நன்மை செய்கிற பொய் பொய்யா, பெற்றவருக்குப் பிள்ளை எதற்குக் கடமைப்பட்டிருக்கிறது, நேற்று இருந்த நான்தான் இன்றைக்கும் இருக்கிறேனா, இப்படி. அவர்களுக்கென்று ஒரு கொள்கை இருந்தது. அடுத்தவர் கருத்தை அவரே தலையாட்டும்படி திருப்பிச் சொல்லத் தெரியாதவருக்கு அதை மறுக்க உரிமை இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

புதிதாக வருகிறவர்களிடம் அந்தக் கொள்கையைச் சொன்ன விதத்தில்தான் கோளாறு. தாடி ஓர் அறிமுகவுரை எழுதி வைத்திருந்தார். நல்ல கட்டுரைதான், ஆனால் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். அறிவு என்றால் என்ன என்பதில் ஆரம்பித்து, விவாத ஒழுக்கத்துக்கு வருவதற்குள் டீ ஆறிவிடும். புதியவர்கள் கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் போடுவார்கள். பிறகு ஆள் இருக்குமிடம் தெரியாது. கொஞ்சம் ரோஷக்காரர்கள் முதல் நாளே யாருடனாவது மல்லுக்கு நின்று, இரண்டு வார்த்தை விட்டுவிட்டு வெளியேறுவார்கள்.

இவரும் வெகுநாள் கட்டைவிரல் கோஷ்டிதான். ஒருநாள் என்ன தோன்றியதோ, "முதல் நாளே இன்ஜினைக் கழற்றிக் காட்டினால் யாருக்கும் ஓட்ட வராது" என்று எழுதிவிட்டார். தாடிக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். "அப்படியானால் வாசலில் நீங்களே நில்லுங்கள்" என்று பதில் போட்டார். இவர் அதைத் தண்டனை என்று எடுத்துக்கொள்ளாமல் வேலை என்று எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து புதியவர் யார் வந்தாலும் முதலில் "வாசல்" என்ற தனி இடத்துக்குத்தான் வருவார். அங்கே இவர் எழுதுவது இவ்வளவுதான்: "வணக்கம். நீங்கள் உறுதியாக நம்பும் ஒன்றைச் சொல்லுங்கள். அதை நான் என் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறேன். ஆமாம், அதைத்தான் சொன்னேன் என்று நீங்கள் சொல்லும் வரை இங்கே வேறு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்." மற்றவர்கள் வாசிக்கலாம், எழுத முடியாது. தாடியும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். குழுவின் கொள்கை என்னவென்று யாரும் சொல்லாமலே புதியவருக்கு அது நடந்துவிடும். தாடியின் கட்டுரையைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார்கள். வாசலைத் தாண்டி வந்தவர்கள் அதைத் தேடிப்போய் வாசிக்கிறார்கள் என்று தாடிக்கும் சந்தோஷம்தான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் வீட்டுக்காரருக்கு வாய்விட்டுச் சொல்லாமல் டைப் அடிக்க வராது. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துவார், கூடவே முணுமுணுப்பார். சமையலறையில் நின்றால் அத்தனையும் காதில் விழும். உலகத்தில் எல்லோரும் சுயநலக்காரர்கள் என்று ஒரு பையன் வந்தான். இவர் திருப்பிச் சொன்னார், அவன் இல்லை என்றான். மறுபடி சொன்னார், அதுவும் இல்லை. கடைசியில் பார்த்தால் அவனுடைய நெருங்கிய நண்பன் ஒருவன் கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் விட்டிருக்கிறான். ஆமாம் அதைத்தான் சொன்னேன் என்று எழுதிவிட்டு அந்தப் பையன் அழுவது போல ஒரு படம் போட்டானாம். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். யார் பெற்ற பிள்ளையோ.

அவர் இதற்கெல்லாம் உட்காருமிடம் எங்கள் வீட்டின் சின்ன ரூம். ஹால், படுக்கையறை, அதை விட்டால் அது ஒன்றுதான். எங்கள் பையன் படிப்பதற்கென்று இருந்தது. அவன் வேலை கிடைத்து வேறு ஊர் போனதும் இவர் உள்ளே புகுந்துகொண்டார். ஒரு மேசை, கம்ப்யூட்டர், தலையணை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி, மூலையில் உடைந்த எல் போர்டுகள், இஸ்திரி போடாத துணி மூட்டை. சாயங்காலம் ஆனால் ஆள் அங்கேதான்.

அந்த ரூம்தான் எனக்கு வேண்டியிருந்தது, அக்காவுக்காக.

எனக்கு ஒரே அக்கா. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் கையெழுத்து விழாமல் ஒரு வண்டி வெளியே போக முடியாது. பெரிய மீசை வைத்த டிரைவர்கள் அவள் குரலுக்கு ஓடிவருவார்கள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். வளர்த்தாள் என்பதைவிட இயக்கினாள் என்பது பொருத்தம். எழுந்திருக்க நேரம், படிக்க நேரம், தலை பின்ன நேரம், அழுதால் அதற்கும் நேரம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால் நேரமில்லை என்பாள்.

அவள் கண் போய்க்கொண்டிருந்தது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வரும் வியாதி. நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்றுவிட்டார் டாக்டர். அவள் இருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி. படியில் ஒருநாள் சறுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டு. அடுத்த தடவை விழுந்தால் மணிக்கட்டோடு நிற்காது.

"அக்காவைக் கூட்டிட்டு வந்துடலாமா? சின்ன ரூம் இருக்கே" என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார். கட்டுப் போட்ட அன்றைக்குக் கேட்டேன், அப்போதும் பாக்கலாம். கட்டுப் பிரித்த அன்றைக்கும் அதேதான். முடியாது என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். பாக்கலாம் என்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகம் தெரியாதவன் சொல்வதையெல்லாம் மூன்று தடவை திருப்பிச் சொல்கிற மனுஷனுக்கு, கட்டினவள் சொல்வது காதில் ஏறவில்லை. ஒருநாள் ஆபீஸில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், என் போனிலிருந்து அந்தக் குழுவில் நானே சேர்ந்தேன். பெயர் கேட்டது. சும்மா என்று போட்டேன்.

அன்று சாயங்காலம் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தால் அவர் முதுகு தெரியும். போன் துடித்தது. "சும்மா அவர்களுக்கு வணக்கம்" என்று வந்திருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு அவர் வணக்கம் சொன்னது அதுதான் முதல் தடவை. கத்தியை வைத்துவிட்டு எழுதினேன்: "இடம் இருந்தும் கொடுக்காதவருக்கு நியாயம் பேச அருகதை இல்லை."

உள்ளே முணுமுணுப்பு கேட்டது. பதில் வந்தது. "சொல்லும் செயலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறீர்கள். சரியா?"

"இல்லை" என்று எழுதினேன். அவ்வளவு அழகாக நான் எதையும் சொல்லவில்லை.

"அப்படியானால், இடம் வைத்திருப்பவர் முடியாது என்று சொல்லிவிட்டார். அந்தக் கோபத்தைச் சொல்கிறீர்கள்."

"அதுவும் இல்லை. என் வீட்டுக்காரர் முடியாது என்றே சொல்லவில்லை. பார்க்கலாம் என்கிறார். எப்போது கேட்டாலும் பார்க்கலாம்." இதை எழுதியதும் மாட்டிக்கொண்டோம் என்று முதுகைப் பார்த்தேன். முதுகு அசையவில்லை. தலையைச் சொறிந்துகொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து எழுதினார். "எனக்கு இன்னும் பிடிபடவில்லை, மன்னிக்கவும். ஒன்று கேட்கிறேன். அவர் நாளைக் காலையில் சரி என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எப்படி இருக்கும்?"

சந்தோஷமாக இருக்கும் என்று எழுதப்போனேன். சந்தோ வரைக்கும் எழுதினேன். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. கண்ணுக்குள் அக்கா வந்து நின்றாள். ஹாலில் நின்று, மணி என்ன ஆச்சு, இன்னுமா குளிக்கல என்கிறாள். அடுப்பு ஏன் இவ்வளவு எரியுது என்கிறாள். நான் ஓடுகிறேன். எழுதியதை அழித்துவிட்டு வேறு எழுதினேன்: "வரப்போகிறவர் என்னைவிடப் பெரியவர். எல்லோரையும் அதட்டிப் பழகியவர். அவர் இல்லாமல் நான் ஆளாகியிருக்க முடியாது. ஆனாலும்." ஆனாலும் என்பதோடு அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளே ஒற்றை விரல் குத்த ஆரம்பித்தது. குத்துவதும் நிறுத்துவதுமாக இருந்தது. போன் துடித்தபோது நான் கையைக்கூடத் துடைக்கவில்லை.

"மறுபடி சொல்லிப் பார்க்கிறேன். தவறென்றால் தயங்காமல் சொல்லுங்கள். அவர் சரி என்று சொல்லாததில் உங்களுக்குக் கோபம். சொல்லிவிடுவாரோ என்று பயமும் இருக்கிறது. வரப்போகிறவர் மேல் உங்களுக்கு உயிர். ஆனால் அவர் வந்தால், நீங்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில் நீங்களே மறுபடி சின்னப் பிள்ளையாகிவிடுவீர்கள். இதை வாய்விட்டுச் சொன்னால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவோம் என்று தோன்றுகிறது. அதனால் முடியாது என்ற சொல் அவர் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருக்கிறீர்கள்."

இதை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. அக்காவுக்காக மன்றாடுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்றேன். எழுதவில்லை. வாய்விட்டே சொல்லிவிட்டேன், நல்ல சத்தமாக.

"யாரு?" என்றார் உள்ளேயிருந்து.

நாற்காலி நகர்ந்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு சமையலறை வாசற்படியில் வந்து நின்றார். என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த போனைப் பார்த்தார், பாதி நறுக்கிய பீன்ஸைப் பார்த்தார்.

"நீயா சும்மா?"

"வீட்டுக்காரர் பாக்கலாம்னு சொல்றார்னு எழுதினேனே. அப்பக் கூடவா தெரியல?"

"ஊர்ல எல்லாப் புருஷனும் அதைத்தானே சொல்றான்" என்றார். நிஜமாகவே தெரியவில்லை அவருக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பின் பின்னாலேயே கோபமும் வந்தது.

"யாரோ ஒருத்தின்னு நினைச்சதாலதானே இவ்வளவு நேரம் உக்காந்து கேட்டீங்க? நான்னு தெரிஞ்சிருந்தா?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தெரிஞ்சிருந்தா முதல் வரியிலயே பாக்கலாம்னு சொல்லியிருப்பேன்" என்றார். "அதான் எனக்கே வெக்கமா இருக்கு."

அதற்கு மேல் திட்ட மனசு வரவில்லை. அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. இத்தனை தடவை பாக்கலாம் வாங்கியிருக்கிறேன், ஏன் பாக்கலாம் என்று ஒரு தடவை கேட்டதில்லை. கேட்டேன்.

"நாள் முழுக்க அடுத்தவங்க வண்டியில பக்கத்து சீட்" என்றார். "அந்த ரூம்ல மட்டும்தான்..." என்று நிறுத்திக்கொண்டார்.

"அந்த ரூமும் போச்சுன்னா இந்த வீட்ல உங்களுக்குன்னு உக்கார இடம் இல்லன்னு சொல்றீங்க" என்றேன்.

"இடம் இல்லன்னு இல்ல. அங்கதான் நான் சொல்றதுக்கு ஒருத்தன் காத்திருக்கான்."

"இங்க யாரும் காத்திருக்கலங்கறீங்க."

"ஆமா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. அவரை அப்படிப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் கூரியர் ஆபீஸ் கதைகளை வந்ததும் கொட்டிவிடுவேன், அவர் நாள் எப்படிப் போனது என்று கேட்பதில்லை. அவரும்தான் சொல்வதில்லை.

பிறகு நிமிர்ந்து, "கூட்டிட்டு வந்துடலாம்" என்றார். "கம்ப்யூட்டரை டைனிங் டேபிள் ஓரத்துக்கு மாத்திக்கறேன். எப்பப் போகலாம், சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். "பாக்கலாம்" என்று வந்தது. சத்தியமாக நான் நினைத்துச் சொல்லவில்லை. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்ததும், பயம் பயமாகவே இருக்கட்டும், அக்கா படியில் விழக்கூடாது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. "வர்ற ஞாயித்துக்கிழமை" என்றேன்.

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் முழுதும் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் முடிவு பண்ணியாச்சா? சரி. என்னை எப்பக் கேக்கப் போறீங்க?" என்றாள்.

"இப்பக் கேக்கறேனே அக்கா."

"பாக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் இவர் நேரே அவள் வீட்டுக்குப் போனார். படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் பேசினார்களாம். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "நான் எங்க பேசினேன், அவங்கதான் பேசினாங்க" என்றார். அதற்கு மேல் வாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் கேட்டுப் பயிற்சிக் காரை எடுத்துக்கொண்டு போய் அவளை அழைத்து வந்தார். முன்னும் பின்னும் எல் போர்டு. அக்காவைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்திருக்கிறார். காலடியில் பிரேக் இருப்பது அவளுக்கு எப்படியோ தட்டுப்பட்டுவிட்டது. "வழியெல்லாம் உங்க அக்காதான் வண்டியை நிறுத்தினாங்க" என்று சொல்லிக்கொண்டே பைகளை இறக்கினார். ஒரு பையிலிருந்து சுவர்க் கடிகாரம் எட்டிப் பார்த்தது.

அக்கா சின்ன ரூமுக்குள் வந்து சுவரில் கையை வைத்து நின்றாள். இளைத்திருந்தாள். நான் ஆரம்பித்தேன். இது லைட் சுவிட்ச், இது ஃபேன், ஹீட்டரைப் போட்டா அணைக்க மறந்துடாதே, பாத்ரூம் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுகும், பால்காரர் வந்தா நீ எழுந்து போக வேண்டாம், சமையலறைல தரை வழுக்கும், எது வேணும்னாலும் என்னைக் கூப்பிடு. அக்கா எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்றாள். பெரிய மீசைகளை ஓடவைத்தவள், சரி சரி என்கிறாள். எனக்கு என்னவோ போலிருந்தது. ஆனாலும் நிறுத்தத் தெரியவில்லை.

"கொஞ்சம் இரு" என்றார் இவர். "அக்கா, நீங்க சொல்லுங்க. கட்டில் எந்தப் பக்கம் இருந்தா தோதா இருக்கும்?"

அவள் தலையை மெல்லத் திருப்பித் திருப்பி ரூம் முழுவதையும் பார்த்தாள். அவளுக்கு இப்போது அப்படித்தான் பார்க்க முடியும். கட்டிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "என்னைக் கேக்காம எனக்கு டீ போட்டுக் குடுக்காதீங்க" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். வந்து கால் மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் அதிகாரம். நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. அப்போது என் கண் கீழே போனது. வாசற்படியோரம் நின்றிருந்த என் வீட்டுக்காரரின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

வாயை மூடினேன். மூச்சை இழுத்துக்கொண்டு, "நான் போடற டீ உனக்குப் பிடிக்காதுன்னு சொல்ற" என்றேன்.

"இல்ல."

"உனக்கு வேணுங்கறதை நீயே போட்டுக்கறேங்கற."

"அதுவும்தான். அது மட்டும் இல்ல."

அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் நேரே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை இயக்கி ஆளாக்கிய அக்காவின் முகத்தில், பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அன்றைக்கு எனக்குள் இருந்த அதே பயம் இருந்தது.

"கண்ணு போச்சுன்னு உன்னைச் சின்னப் பிள்ளையா ஆக்கிடக் கூடாதுன்னு சொல்ற" என்றேன்.

"ஆமா" என்றாள் அக்கா. அவளுக்குக் குழுவும் தெரியாது, அதன் விதியும் தெரியாது. "அதைத்தான் சொன்னேன்."

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். இவர் கடிகாரத்தை மாட்ட ஆணி தேடுகிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டார்.

குழுவில் சும்மாவின் ஆமாம் இன்னும் வரவில்லையே என்று எல்லோரும் காத்திருப்பதாகச் சொல்கிறார். அது வந்தால்தான் அவர்கள் வாய் திறக்கலாம். தாடி தினமும் கேட்கிறாராம். நான் எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டு விஷயத்தை அத்தனை பேர் பிரித்துப் போட்டுப் பார்ப்பதில் எனக்கு இஷ்டமில்லை. டைனிங் டேபிளில் உட்கார்ந்து அவர் முணுமுணுத்துக்கொண்டே டைப் அடிக்கிறார். பக்கத்தில் அக்கா உட்கார்ந்து, "அவன் சொன்னது அது இல்ல மாப்பிள்ளை, மறுபடி படிங்க" என்கிறாள்.

அன்றைக்கு அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அக்கா கேட்டாள், "டீத்தூள் எங்க வச்சிருக்க?"

"இடது கைப் பக்கம், ரெண்டாவது தட்டு" என்றேன். அவள் சுவரைத் தொட்டுக்கொண்டே சமையலறைக்குப் போனாள். நான் பின்னால் போகவில்லை. டப்பா மூடி கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது, அப்போதும் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து குரல் வந்தது.

"உனக்கும் போடட்டுமா?"